பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாமல்

"எங்க எழுதி வெச்சிருக்கீங்க, அதை மட்டும் சொல்லிடுங்க மேடம். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார் தேவானந்தம்.

"எங்கயும் எழுதல சார்." ரத்தினபாய் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் நின்றார்.

தேவானந்தம் கீபோர்டைக் கவிழ்த்தார். முறுக்குத் துணுக்கு இரண்டு விழுந்தன. மேசை டிராயர், டிஃபன் பை, கண்ணாடிக் கூடு எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற அந்த ஆபீஸ், பெருங்களத்தூரில் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. மேனேஜராக இருந்த தேவானந்தத்தை எட்டு மாதத்துக்கு முன் முதலாளி 'தகவல் பாதுகாப்பு அதிகாரி' ஆக்கினார். சம்பளம் ஏறவில்லை. கழுத்தில் தொங்கும் அட்டையின் கயிறு மட்டும் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறியது.

சிவப்புக் கயிறு வந்த வாரமே விதிகளும் வந்தன. பாஸ்வேர்ட் பன்னிரண்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், ஒரு குறி வேண்டும். மாதம் ஒன்றாம் தேதி மாற்றியே தீர வேண்டும். எங்கும் எழுதி வைக்கக் கூடாது. ஒருவருடைய பாஸ்வேர்ட் இன்னொருவருக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே இருவருக்கும் வேலை போய்விடும். கடைசி விதியைத் தடித்த எழுத்தில் அடித்து, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தார்.

"இதெல்லாம் எப்படி சார் ஞாபகம் இருக்கும்?" என்று ஷெர்வின் அப்போதே கேட்டான்.

"ஒழுக்கம் இருந்தா எல்லாம் இருக்கும். எனக்கு இல்லியா?"

இன்று காலை சொல்லாமல் கொள்ளாமல் சோதனை நடத்தினார். ஷெர்வின் அடையாள அட்டைக்குப் பின்னால் எழுதியிருந்தான். ஜென்சியின் போனில் 'சிலிண்டர் அண்ணா' என்ற பெயரில் இருந்தது. வாட்ச்மேன் சவுரிமுத்துவின் வருகை ரெஜிஸ்டரில் எட்டுப் பேருடைய பாஸ்வேர்டும், அவரவர் வந்த நேரத்தோடு, வரிசையாக இருந்தது.

"காலைல மறந்துட்டு வந்து என்னாண்டதான் சார் கேக்குறாங்க. ரெஜிஸ்டர்ல கீது, பாத்து சொல்றேன். இதுல இன்னா தப்பு?" என்றார் சவுரிமுத்து.

சிக்கியவர்கள் மொத்தம் பத்தொன்பது பேர். அத்தனை பேரையும் அனுப்பினால் ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான். "யாராவது ஒருத்தரை அனுப்புங்க, மத்தவங்களுக்கு பயம் வரும்" என்று சொல்லி, பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்ட கடிதத்தை முதலாளி கொடுத்திருந்தார். அது இப்போது தேவானந்தத்தின் சட்டைப் பையில் இருந்தது.

பிடிபட்டவர்களைவிட, பிடிபடாத ஒருவர்மேல்தான் அவருக்குச் சந்தேகம்.

"உங்க வயசு என்ன மேடம்?"

"அம்பத்தாறு."

"ஷெர்வினுக்கு இருபத்தஞ்சு. இதுவரைக்கும் பதினேழு தடவை மறந்திருக்கான். நீங்க எட்டு மாசத்துல ஒரு தடவைகூட மறக்கல. அப்ப வேற யாரோ உங்களுக்காக ஞாபகம் வெச்சிருக்காங்க. உங்க பொண்ணா?"

"ஜெனிக்கு என் போனையே திறக்கத் தெரியாது சார். எல்லாம் என் மனசுலதான் இருக்கு."

"மனசுல."

"உங்களுக்கும் மறக்கறதில்லியே சார்."

"நான் அதிகாரி மேடம்."

பக்கத்து மேசையில் ஜென்சி இருமிச் சமாளித்தாள்.

"கடவுள் சாட்சியா சொல்றேன் சார்..."

"ஆபீஸ் விஷயத்துல கடவுளை இழுக்காதீங்க."

இருவரும் தாம்பரத்தில் ஒரே சர்ச் சபை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போதகர் ஐயருக்கு ஸ்தோத்திரம் சொன்னதும் "அக்கா, சௌக்கியமா?" என்று விசாரிப்பவர்தான் தேவானந்தம். திங்கட்கிழமை கயிற்றை மாட்டியதும் அக்கா மேடமாகிவிடுவார்.

ரத்தினபாய் குரலைத் தாழ்த்தினார். "அவர் போனப்புறம் இந்த வேலையிலதான் சார் குடும்பம் ஓடுது. இது போனா இந்த வயசுல என்னை யார் கூப்பிடுவா?"

தேவானந்தத்தின் கை சட்டைப் பைக்குப் போய்த் தயங்கியது. இந்த அம்மாவின் கணவரைத் தூக்கிச் சென்ற நாலு பேரில் அவரும் ஒருவர். ஆனாலும் ஒரு அதிகாரி அதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க முடியுமா? கடிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். பேனாவைத் திறந்தார்.

அப்புறம் மூடினார். "சரி, உங்க மெஷினை ஒரு தடவை பாத்துடறேன். யாராவது உள்ள வந்திருந்தா அதுல தெரியும்."

ரத்தினபாயின் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் யாரும் தொடாததால் திரை தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது. அதுவும் தேவானந்தத்தின் விதிதான். ரத்தினபாயின் பெயருக்குக் கீழே பாஸ்வேர்ட் கேட்டுக் கோடு மினுக்கியது. தேவானந்தத்தின் கண் கடிதத்தில் இருந்தது. விரல்கள், தன் அறையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை செய்கிற பழக்கத்தில், தங்கள் பாட்டுக்குத் தட்டிவிட்டு என்டரை அழுத்தின.

திரை திறந்துகொண்டது.

தான் அடித்தது தன்னுடைய பாஸ்வேர்ட் என்பது தேவானந்தத்துக்கு உறைக்க ஒரு நிமிடம் பிடித்தது. மெதுவாகத் திரும்பினார்.

ரத்தினபாய் சுவரை விட்டு நகர்ந்து கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்: "ஒண்ணாம் தேதி ஆராதனையில ஐயர் அந்த மாசத்துக்குன்னு குடுக்கிற வாக்குத்தத்த வசனம், பைபிள் நம்பரோட... நீங்களும் அதையேதான் போடறீங்களா தம்பி?"