சொன்னதை அப்படியே சொன்ன கிளி

தென்னந்தோப்பு மயிலுக்கு, பக்கத்து மாந்தோப்பில் இருந்த பெண் மயில்மேல் ஆசை. நேரில் சொல்லக் கூச்சப்பட்டு, கிளியைத் தூது அனுப்பியது.

அந்தக் கிளி ஒரு சொல்லைக்கூட மாற்றாது. நேரே போய், "நான் உன்னைக் கட்டிக்க ஆசைப்படுறேன்" என்றது.

பெண் மயில் கிளியை ஏற இறங்கப் பார்த்தது. "உன்னை எப்படிப்பா கட்டிக்கிறது? பக்கத்துத் தோப்பு மயில் கேட்டிருந்தா உடனே சரின்னிருப்பேன்."

கிளி திரும்பி வந்து அதையும் அப்படியே ஒப்பித்தது.

ஆண் மயிலுக்கு முகம் செத்துப்போனது. பக்கத்துத் தோப்பு என்றால் மாந்தோப்புதானே, அங்கே இன்னொரு மயிலா? அவனை ஒரு கை பார்த்துவிடலாம் என்று ஓடியது.

மாந்தோப்பில் பெண் மயில் மட்டும் தனியாக நின்றது.

"பக்கத்துத் தோப்பு மயில் எங்கே?" என்று மூச்சிரைக்கக் கேட்டது ஆண் மயில்.

"இப்பத்தானே வந்திருக்கீங்க" என்றது பெண் மயில்.