மூத்தவள் இல்லாத படம்

நாவலைப் படமாக்கும்போது முதலில் கழற்றிவிடப்படுபவள், புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த அக்காதான். காதலிக்கு இடமுண்டு, வில்லனுக்கு உண்டு, வீட்டு நாய்க்குக்கூட இரண்டு க்ளோசப் உண்டு. அவளுக்கு மட்டும் இருக்காது.

இந்தப் படத்திலும் அவளைக் காணோம்.

வெள்ளிக்கிழமை வெளியாகவிருந்த படத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டு வந்தவர்கள், நாவலை எழுதியவரின் வீட்டுக் கூடத்தில் கொதித்துக்கொண்டிருந்தார்கள்.

“நாவல்ல கதாநாயகனுக்கு வழுக்கை. இவன் தலையைப் பாத்தீங்களா? ஷாம்பு விளம்பரத்துக்கு வந்தவன் மாதிரி!” என்றார் வங்கி அதிகாரி. “எப்பவுமே புத்தகம்தான் ஒசத்தி.”

“முழுசாப் படிச்சிட்டீங்களா?”

“வாங்கி வெச்சிருக்கேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். எழுத்தாளர் சிரிக்கவில்லை.

“முடியை விடுங்க சார். மூத்தவளைத் தூக்கிட்டானே! புருஷன் கொதிக்கிற எண்ணெயைக் கழுத்துல ஊத்தினதை, அடுப்புல பட்டதுன்னு சொல்லி மறைக்கிறாளே அவ... எழுதறப்ப நான் அழுதேன்.”

“அப்புறம் அந்த மருந்துக்கடைக்காரரோட ஒரு உறவு,” என்றார் பேராசிரியர். “என்ன துணிச்சலான எழுத்து! உயிரை எடுத்துட்டு வெறும் உடம்பைப் படம் புடிச்சிருக்கான் சார், கோழைப்பய.”

ஜன்னலோரம் சளி பிடித்தவளைப்போலச் சால்வை போர்த்தியபடி எழுத்தாளரின் அக்கா உட்கார்ந்திருந்தாள். வங்கி அதிகாரி மரியாதைக்காக அவள் பக்கம் திரும்பினார்.

“நீங்களும் வந்தீங்களேம்மா, படம் எப்படி?”

“அண்ணிகிட்டயா கேக்கறீங்க?” எழுத்தாளரின் மனைவி முந்திக்கொண்டாள். “கடைசி வரிசையில தூங்கியிருப்பாங்க.”

“எனக்குப் புடிச்சிருந்தது,” என்றாள் அக்கா. அது யார் காதிலும் விழவில்லை.

எழுத்தாளர் இயக்குநரைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கட்டுமென்று போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“மூத்தவள் காட்சிகளை நீ எடுத்தப்ப நானே பக்கத்துல நின்னு பாத்தேன். ஏன்யா வெட்டினே?”

“படம் நீளமாயிடுச்சு சார்.”

“அந்த நாய் ஓடிக்கிட்டே இருக்கே, அது நீளமில்லையா? ஒழுங்காத் திருப்பிச் சேத்துடு. இல்லேன்னா கோர்ட்டுக்குப் போவேன். வெள்ளிக்கிழமை உன் படம் வெளிய வராது.”

“போங்க சார். பத்திரிகையில என் பேரைப் போட்டே திட்டுங்க. சேர்க்க மாட்டேன்.”

“ஏன்னுதான்யா கேக்கறேன்!”

“நீளம் சார்.”

“முதுகெலும்பில்லாத ஜென்மம்!” பேராசிரியர் தொடையைத் தட்டினார். “வக்கீல் நம்பர் என்கிட்ட இருக்கு. இப்பவே போடுங்க.”

அக்கா எழுந்து வந்தாள். போனை நோக்கிக் குனிந்தாள்.

“சார், நான்தான் பேசறேன். போதும், சொல்லிடுங்க.”

எதிர்முனையில் குரல் தணிந்தது. “உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்மா.”

“அப்ப நானே சொல்லிக்கறேன்.”

சால்வையை உருவி நாற்காலியில் போட்டாள். காதுக்குக் கீழிருந்து தோள்வரை தோல் சுருங்கிக் கிடந்தது. வங்கி அதிகாரி அதைப் பார்த்தார். உடனே கையிலிருந்த கோப்பைக்குள் பார்க்கத் தொடங்கினார். பேராசிரியரின் கை தொடைமேல் அப்படியே நின்றது.

“வெட்டச் சொன்னது நான். அவர் ஆபீஸ் வாசல்ல போய் நின்னேன்.”

“அக்கா, அது கற்பனைப் பாத்திரம்!”

“கற்பனைக்கு என் கழுத்து எதுக்குடா? ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு உன் ஒருத்தன்கிட்டதான் சொன்னேன்.”

“ஊரே உனக்காக அழுதுச்சேக்கா!”

“புத்தகத்துல இருக்கறவளுக்கு அழுதாங்க. என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. தழும்பைக் கண்ணால பாத்தவங்க, நீ ஒட்டவெச்ச மருந்துக்கடைக்காரனும் நிஜம்னு முடிவு கட்டிட்டாங்க. அந்த மனுஷன்கிட்ட தலைவலி மாத்திரையத் தவிர நான் எதையும் வாங்கினதில்ல. ‘வர்றவங்க ஒரு மாதிரி பாக்கறாங்கம்மா’ன்னு சொல்லி, நான் வேலை பாக்கற பல் டாக்டர் என்னை ரிசப்ஷன்லேருந்து எழுப்பிப் பின்கட்டுல கருவி கழுவ விட்டாரு. புத்தகம் படிச்சவங்க கொஞ்சம் பேரு, அதுக்கே இந்தக் கதி. படம் பாக்கறவங்க எத்தனை பேருடா?”

எழுத்தாளர் போனை அணைக்கக் கை நீட்டினார். அக்கா அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

“‘இதெல்லாம் எழுதினதுல உங்களுக்குச் சம்மதமாம்மா’ன்னு என்னைக் கேட்ட மொத ஆளு இந்த டைரக்டர்தான். கூடப் பொறந்த உனக்குக் கேக்கத் தோணல. இப்ப போடு, வக்கீலுக்குப் போனு.”

யாரும் போடவில்லை.

மூத்தவள் இல்லாமலே படம் வெளியானது. மூலத்தைச் சிதைத்தவர் என்று விமர்சகர்கள் இயக்குநரை வறுத்தெடுத்தார்கள். எந்தப் பேட்டியிலும் அவர், “நீளம்” என்பதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

அடுத்த ஆண்டு எழுத்தாளரின் புதிய நாவல் வந்தது. தன் கதையைப் படத்திலிருந்து நீக்கச் சொல்லி ஓர் இயக்குநரின் வாசலில் போய் நிற்கும் அக்காவைப் பற்றியது. முன்னுரை, பேராசிரியர். கடைசி அத்தியாயத்தில் அவள் செத்துப்போகிறாள்.

அக்கா சாகவில்லை. வேறோர் ஊரில், வேறொரு பல் மருத்துவமனையில், சால்வை இல்லாமல் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறாள். புது முகவரியைத் தம்பிக்குத் தரவில்லை.