வலது கன்னத்து மச்சம்

அவனுக்கு மச்சம் வலது கன்னத்தில் இருந்தது.

ஹல்டா கையிலிருந்த தகரப் புகைப்படத்தை மறுபடி பார்த்தாள். அதில் ஆன்சனுக்கு மச்சம் இடது கன்னத்தில். மச்சம் என்ன, வீடு மாற்றிக்கொண்டு போகிற பொருளா?

ஜெர்சிக் கரையிலிருந்து வந்த படகு நீலச் சட்டைக்காரர்களை நியூயார்க் துறையில் கொட்டியிருந்தது. வடக்கும் தெற்குமாய்ப் பிரிந்து ஒரே நாட்டுக்காரர்கள் நான்கு வருடம் அடித்துக்கொண்டு மாண்ட போர் முடிந்து, மிஞ்சியவர்கள் வீடு திரும்புகிறார்கள். துறையெங்கும் அழுகையும் முத்தமும்.

ஆன்சனை அவள் நேரில் பார்த்ததே இல்லை.

கடிதம் போட யாருமில்லை என்று ஒரு சிப்பாய் பத்திரிகையில் கொடுத்திருந்த விளம்பரத்துக்கு விளையாட்டாகப் பதில் எழுதியவள், இரண்டே வருடத்தில் அவன் கடிதம் வராத வாரம் சாப்பாடு இறங்காதவளாகிப் போனாள். அவன் தன் முகத்தைத் தகரத்தில் பிடித்து அனுப்பினான். அவள் பதிலுக்கு எதையும் அனுப்பவில்லை. அம்மைத் தழும்பு விழுந்த முகத்தை யாராவது தபாலில் போடுவார்களா?

துறையில் நானே உன்னைத் தேடிவந்து கூப்பிடுகிறேன் என்று எழுதினாள். நீ கூப்பிடாவிட்டால் உனக்கு மனமில்லை என்று புரிந்துகொண்டு அடுத்த படகில் திரும்பிவிடுவேன், அதற்குப் பிறகு தொந்தரவு செய்யமாட்டேன் என்று அவன் எழுதினான். அவனுக்கு வீடுவாசல் கிடையாது. பட்டாளமும் கலைந்துவிட்டது. இனி எழுதுவதென்றால் எந்த முகவரிக்கு எழுதுவது?

கூட்டம் வடிந்தது. வலது கன்னத்து மச்சக்காரன் மட்டும் மூட்டையோடு நின்றான். ஒவ்வொரு பெண் கடந்தபோதும் தொப்பியைக் கழற்றினான்.

கூட வேலை செய்யும் லெட்டி காலையிலேயே கலவரத்தைக் கிளப்பியிருந்தாள். "பட்டாளத்துல ஒருத்தனுக்கு வர்ற கடுதாசியப் பத்து பேரு படிப்பானுங்கடி. எவன் வந்து நிப்பானோ. மூஞ்சிய நல்லாப் பாத்துட்டு அப்புறம் கிட்ட போ."

ஏமாற்றுக்காரனாக இருந்தால்கூடப் பரவாயில்லை. ஆன்சனின் சிநேகிதனாக இருந்து, அவன் செத்துப்போனதைச் சொல்ல வந்திருந்தால்? அதை அவளால் கேட்க முடியாது. கேட்காதவரை ஆன்சன் எங்கோ உயிரோடு இருப்பான்.

அவன் அவளைப் பார்த்தும் தொப்பியைக் கழற்றினான். ஹல்டா தண்ணீரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த படகில் அவன் ஏறிப் போனான்.

பத்திரிகைப் பட்டறைக்குத் திரும்பியபோது, அச்சுக்காக அவள் செதுக்க வேண்டிய மரக்கட்டை காத்திருந்தது. இந்த வாரப் படம், வீடு திரும்பும் சிப்பாய்கள். கட்டைமேல் படம் வரைகிறவருக்கு எப்போதும் அவசரம். கூட்டத்தில் பாதிப் பேருக்கு முகமே போடாமல் கட்டையை அனுப்பிவிடுவார். முகமில்லாதவனுக்கு முகம் வைப்பது செதுக்குகிறவர்கள் பாடு. நான்கு வருடமாக அந்தப் பத்திரிகை அச்சிட்ட போர்ப் படங்களில் செத்தவன், சுட்டவன், கொடி பிடித்தவன் எல்லோருக்கும் இப்படித்தான் முகம் கிடைத்தது.

படகிலிருந்து இறங்கும் ஒரு சிப்பாய்க்கு அவள் ஆன்சனின் முகத்தை வைத்தாள். நேரில்தான் வரவில்லை, மரத்திலாவது வரட்டும்.

கட்டையில் வெட்டுவது காகிதத்தில் இடம்வலம் மாறி விழும். பார்த்து வெட்டுகிற முகத்தை மாற்றித்தான் வெட்ட வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஹல்டா அதைச் சொல்வாள். அன்று கண்ணைத் துடைத்துத் துடைத்து, தகரத்தில் இருந்ததை இருந்தபடியே வெட்டிவைத்தாள்.

வெட்டியவரை சரிபார்க்க, ஃபோர்மேன் பிரெண்டல் கட்டையில் மை தடவி, மெல்லிய காகிதத்தை வைத்துத் தேய்த்து, உரித்துத் தூக்கினார்.

காகிதத்திலிருந்து, துறையில் நின்றவன் அவளைப் பார்த்தான்.

அதே புருவம். அதே கண். வலது கன்னத்தில் மச்சம்.

பிரெண்டல் தகரப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மாத்தாம அப்படியே வெட்டிட்டியாம்மா? நல்லதுதான் போ. தகரத்துல எடுக்கற படமே கண்ணாடியில பாக்கற மாதிரி மாறித்தான் விழும். அச்சுல இன்னொரு தடவை மாறினதுல ஆளு சரியா வந்துட்டான். நேர்ல பாத்தா இப்படித்தான் இருப்பான்."

துறையில் அவன் ஹல்டாவுக்கு எதிரேதான் நின்றான். எட்டி நடக்க வேண்டிய தூரம்கூட இல்லை. பெயரைச் சொல்லியிருந்தால் போதும்.

"கன்னத்துல இருக்கற அந்தப் புள்ளிய மட்டும் வெட்டி எடுத்துடு. மை சிந்தின மாதிரி இருக்கு."

"அது இருக்கட்டும் சார்."

அவர் காகிதத்தை அவள் மேசையில் வைத்துவிட்டு அடுத்த கட்டையைப் பார்க்கப் போனார்.

சனிக்கிழமை பத்திரிகை ரயிலேறும். ரயில் போகிற ஊருக்கெல்லாம் போகும். முடிவெட்டும் கடையில், சாராயக் கடையில், எங்கேயாவது ஒரு பெஞ்சில் அவன் கைக்குக் கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். கிடைத்தால் தன் முகத்தைத் தெரிந்துகொள்வான். ஆனால் வெட்டியது யாரென்று எப்படித் தெரியும்?

படத்தில் அந்தச் சிப்பாய்க்கு எதிரே ஒரு பெண் கை நீட்டி நின்றாள். அவளுக்கும் வரைகிறவர் முகம் போட்டிருக்கவில்லை.

"லெட்டி, உன் கைக்கண்ணாடியக் கொஞ்சம் குடேன்."

கண்ணாடியைக் கட்டைக்கு எதிரே சாய்த்து வைத்து, அதில் தெரிந்த தன் முகத்தைத் தெரிந்தபடியே வெட்ட ஆரம்பித்தாள். தழும்பு ஒன்றையும் விடவில்லை.