பல்வலிக்கு நெல்லி வற்றல்

ஊருக்குப் போய்விட்டு அன்றுதான் கப்பலில் ரங்கூன் திரும்பியிருந்த அய்யாசாமி, ஒரு துணிப் பொட்டலத்தை நீட்டினான்.

“அண்ணே, தனபாக்கியம் மதினி குடுத்து விட்டுச்சு. நீங்க எழுதிக் கேட்ட நெல்லி வத்தலாம்.”

துறைமுகத்தில் மேஸ்திரியாக இருக்கும் அருணாசலம் ஆசையோடு முடிச்சை அவிழ்த்தார். உப்பும் வெயிலும் ஏறிய அந்த வாசனை அவரை இருபத்தைந்து வருஷம் பின்னால் இழுத்துப் போனது. கல்யாணமான புதிதில், அவர் சாப்பிட்டுக் கை கழுவியதும் தனபாக்கியம் உள்ளங்கையில் இரண்டு வற்றலை வைப்பாள். “மெல்லுங்க. பல்லு சொத்தையாகாது.” வாங்கும் சாக்கில் அவர் அவள் விரலைப் பிடித்துக்கொள்வார்.

“மதினி என்னப்பா கேட்டுச்சு?”

“சொகமா இருக்கீங்களான்னுதான்...” அய்யாசாமி அவர் முகத்தைப் பார்க்காமல் கிளம்பிவிட்டான்.

வற்றலுக்கு அடியில் சின்னதாக ஒரு சிவப்புப் பாவாடையும் கடிதமும் இருந்தன.

‘பல்லுல சொத்தை விழுது, மெல்லுறதுக்கு நெல்லி வத்தல் அனுப்புன்னு எழுதியிருந்தீங்க. உங்களுக்குப் பல்லெல்லாம் போயி ரெண்டு வருஷமாக் கஞ்சிதான்னு அய்யாசாமி பேச்சுவாக்குல சொன்னார். அப்புறம் நான் விடல. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேன். வத்தல் கல்லு மாதிரி இருக்கு. ஆறு வயசுப் புள்ளைக்கு ஊற வச்சுக் குடுக்கச் சொல்லி அந்த பர்மாக்காரிகிட்டச் சொல்லுங்க. பாவாடை அளவு சரியான்னு பாருங்க.

மகளுக்கு என்ன பேருன்னு மட்டும் அய்யாசாமிகிட்ட நான் கேக்கல. அதையாவது நீங்களே எழுதுங்க.’