ஒளியாகப் போகிறவர்களின் கடன்

கட்டட வேலையில் கூட இருக்கும் பய்யூமிக்கு நான் தர வேண்டியது முந்நூற்று நாற்பது பவுண்டு.

இன்று வியாழன், சம்பள நாள். இனியும் பொறுக்க முடியாது, இவன் கூலியில் பிடித்துக்கொடுங்கள் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டான். பிடித்தால் மகளின் பரீட்சைக் கட்டணம் போச்சு.

என்னிடம் இருந்த ஒரே ஆயுதம், கெய்ரோவின் அஸ்பகிய்யா பழைய புத்தகச் சந்தையில் வாங்கிய நாவல்.

நாற்பத்தாறு வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்தவன் நான். தேநீர் வேளையில் சிமெண்ட் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, கூட வேலை செய்கிறவர்களுக்கு விரல் வைத்துப் படித்துக் காட்டுவேன். "உஸ்தாத்", அதாவது வாத்தியாரே, என்பார்கள். கேலி என்று தெரிந்தும் காது குளிரும்.

கதையில், மகா அறிவாளிகளின் உலகம் ஒன்று உடம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நூறே நாளில் ஒளியாக மாறப் போகிறது. நான் படிக்கிற வேகத்தில் அவர்கள் எட்டு மாதமாகக் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

"நம்ம ஊர்ல ஹஜ்ஜுக்குப் போறவங்க வீட்டுச் சுவருல வரையிற மாதிரி, அவங்களும் கப்பல் வரைஞ்சாச்சா இல்லியா?" என்றான் தஸூகி, இன்று காலைத் தேநீர் வேளையில், கூட்டத்திலிருந்து.

"கடைசி அத்தியாயத்துல வரைவாங்கடா, கத்தாதே."

பக்கத்தைத் திருப்பினேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"கடன் பாக்கியோடு யாரும் ஒளியாக முடியாது. கொடுத்தவன் மன்னித்தால் இருவரும் போகலாம். மன்னிக்காதவன் கல்லாகக் கிடப்பான்."

நானே சேர்த்த வரி என்று யாரும் சந்தேகப்படவில்லை. ஹஜ்ஜுக்கும் கடனைத் தீர்த்துவிட்டுத்தானே கிளம்புகிறோம்.

பய்யூமி எழுந்து வந்தான். "எங்க, காட்டு."

கைநாட்டுதானே, பார்க்கட்டும் என்று நீட்டினேன். என் விரலுக்குப் பக்கத்தில் வெகுநேரம் குனிந்திருந்தான்.

"கல்லாவா கிடப்பான்?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

செங்கல் சுமக்கப் போய்விட்டான்.

மாலையில் மேஸ்திரி பதிவேட்டை விரித்தார். என் பெயருக்கு நேரே, பிடித்தம்: 340. எல்லோரும் மைப்பெட்டியில் விரலைத் தேய்த்தார்கள். நான் மட்டும் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்டேன். தோற்றவனுக்கும் ஒரு கெத்து வேண்டாமா?

பய்யூமி மைப்பெட்டியைத் தள்ளி வைத்தான்.

"பேனாவக் குடுங்க மேஸ்திரி. மூணு மாசமா நானும் வகுப்புக்குப் போறேன்."

முந்நூற்று நாற்பதைக் குறுக்கே அடித்தான். பக்கத்தில் நிதானமாக எழுதினான், என் எழுத்தைவிட அழகாக:

'பணம் என்றால் என்னவென்று அவர்கள் மறந்து ஒன்பதாயிரம் ஆண்டுகள் ஆகியிருந்தன.'

காலையில் நான் விரல் வைத்திருந்த வரி அது.