பறக்கும் தட்டு

'டமார்!'

சமையலறையிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்று பறந்து வந்தது. கூடத்துத் தரையில் மூன்று சுற்றுச் சுற்றி, விருந்தாளி வேலாயுதத்தின் காலடியில் அடங்கியது. அவர் இரண்டு கால்களையும் சோபாவின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"வெண்டைக்காய் வாங்கிண்டு வாங்கோன்னா, இன்னிக்கும் பொட்டோலா? கல்கத்தால வேற காயே விளையலையா?" உள்ளேயிருந்து மாதவியின் குரல்.

குருபிரசாத்தின் முகத்தில் மட்டும் பரம சந்தோஷம். "பயப்படாதீங்கோ வேலாயுதம். மூணு வாரம் கழிச்சு இன்னிக்குத்தான் நல்ல காலம் பொறந்திருக்கு" என்று கிசுகிசுத்தார்.

காரணம் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அவர் 'மகாராணி தர்பார்' என்று ஒரு வலைப்பூ எழுதிவருகிறார். மகாராணி வேறு யாருமில்லை, மனைவி மாதவிதான். அவள் போட்ட சண்டை, விட்ட டோஸ் ஒன்று விடாமல் நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள்!

மாட்டிக்கொள்வோம் என்ற பயமே கிடையாது. மாதவி பிறந்து வளர்ந்தது கல்கத்தா லேக் கார்டன்ஸில், படித்தது வங்காளிப் பள்ளிக்கூடத்தில். தமிழில் பொரிந்து தள்ளுவாளே தவிர, ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாது. அதனால் கூடத்துக் கணினியில், அவள் கண் முன்னாலேயே தைரியமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது வலைப்பூவை நடத்தும் கம்பெனி கடையைக் கட்டப்போகிறது. மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்க்காவிட்டால் பன்னிரண்டு வருஷமும் ஸ்வாஹா. வங்கியில் அவரோடு வேலை பார்த்த வேலாயுதம், தன் கோயில் யாத்திரைப் பதிவுகளைப் போன வாரமே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டவர். யோசனை சொல்ல பெஹாலாவிலிருந்து வந்திருந்தார்.

"இந்த எடம் பாருங்க சார். ஒரு பட்டனைத் தட்டினா மொத்தத்தையும் பெங்காலில காட்டும்."

"பெங்காலிலயா? நன்னாயிருக்கே! நான் குடித்தனம் பண்ண வேண்டாமா?"

"சரி, இது? எழுதினதை அதுவே சத்தமாப் படிச்சுக் காட்டும்."

"கிச்சன் வரைக்கும் கேக்கும்யா! அடுத்தது சொல்லுங்கோ."

"இது ரொம்பப் பாதுகாப்பு. பேரும் போன் நம்பரும் குடுத்தவங்கதான் கருத்து எழுத முடியும்."

குருபிரசாத் பலமாகத் தலையை ஆட்டினார். "அப்போ சரோபர் ரசிகை என்ன பண்ணுவா?"

அவருக்கு இருக்கும் ஒரே நிரந்தர வாசகி அவள். முதல் பதிவிலிருந்து நேற்றுவரை தவறாமல் கருத்து எழுதுகிறவள். அவள் யாரென்று தெரிந்துகொள்ள, சரோபர் ஏரிக்கரைக்குக் காலை நடை வரும் தமிழ்ப் பெண்மணிகள் அத்தனை பேரையும் ஓரக்கண்ணால் ஆராய்ந்தாயிற்று. பலன் இல்லை.

மூன்று வாரமாக வீட்டில் அமைதி நிலவியதால் எழுத விஷயமில்லை. 'மகாராணிக்கு உடம்பு சரியில்லையா?' என்று ரசிகை இரண்டு முறை விசாரித்துவிட்டாள்.

"பேரே சொல்லாதவ போன் நம்பரா குடுப்பா?" என்றார் குருபிரசாத். "அவ வரலேன்னா நான் எழுதறதையே விட்டுடுவேன், வேலாயுதம்."

மாதவி காப்பியோடு வந்தாள். "நீங்கோ எடுத்துக்கோங்கோ தாதா, ஆறிடும்" என்று, அண்ணனை வங்காளிகள் அழைப்பதுபோல் அழைத்து, வேலாயுதத்திடம் ஒரு டம்ளரை நீட்டினாள். தட்டைப் பொறுக்கிக்கொண்டாள். கும்பகோணத்திலிருந்து நாத்தனார் அலமு வருஷாவருஷம் அனுப்பும் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தாள்.

"உங்க ராசிக்கு இன்னிக்கு அலைச்சல். வெளில சுத்தாம ஆத்துலயே இருங்கோ" என்று கணவரை ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே போனாள்.

"பாத்தேளா? இதுவும் பதிவுதான்!" குருபிரசாத் கண்ணடித்தார்.

நாலாவது இடம் ஒத்துவந்தது. மொழி மாற்றாது, வாய் திறக்காது, பெயர் சொல்லாமலே கருத்து எழுதலாம். அரை மணியில் நானூற்றுப் பன்னிரண்டு பதிவும் குடியேறின. பழைய வலைப்பூவில் புது முகவரியை எழுதிவிட்டு, இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இரண்டு நிமிஷம். நாலு நிமிஷம். குருபிரசாத் பக்கத்தை மறுபடி மறுபடி புதுப்பித்துப் பார்த்தார்.

'டிங்!'

'வந்து சேர்ந்தேன். எழுத்துதான் பொடிப்பொடியாக இருக்கிறது. கொஞ்சம் பெரிதாக்குங்கள். சரோபர் ரசிகை.'

"வந்துட்டா!" குருபிரசாத் வேலாயுதத்தின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். மறு விநாடி எழுத்து இரண்டு மடங்கு பெரிதாயிற்று. சூட்டோடு சூடாகப் புது இடத்தின் முதல் பதிவை ஆரம்பித்தார்.

'பறக்கும் தட்டு' என்று தலைப்புப் போட்டார். அடுத்த வரி: 'காரணமே இல்லாமல் மகாராணிக்கு இன்று கோபம் வந்தது.'

"காரணமே இல்லாமலா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இருவரும் திரும்பினார்கள். மூக்குக் கண்ணாடியும் கையுமாக மாதவி நின்றிருந்தாள். இன்னொரு கையில் இருந்த கைபேசியில், பெரிய எழுத்தில், அவருடைய புதுப் பக்கம்.

"நீ... தமிழ்... எப்போ..." குருபிரசாத் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அலமு அக்கா காலண்டர் அனுப்பறாளே, ஒவ்வொரு எழுத்தா அதுலதான் கத்துண்டேன்" என்ற மாதவி, திரையில் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"மூணு வாரமா எழுத ஒண்ணுமில்லாமத் தவிக்கறேளேன்னுதானே தட்டையே விட்டெறிஞ்சேன்!"