வரைபடத்துக்குக் கடைசி நாள்

ஐந்து மணிக்குள் தான் வரைந்த இயந்திர வரைபடத்தை அனுப்பினால்தான் புது வரைவாளர் வேலைக்கு நேர்காணல். கிறிஸ்டினா கும்மிடிப்பூண்டி கம்பெனியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். விண்ணப்பத் தளம் திறக்கவே இல்லை.

ஒயரைக் கழற்றி மாட்டினாள். மோடத்தை அணைத்துப் போட்டாள். போன் நெட்டோடு இணைத்தும் பார்த்தாள். ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்பதே பதில். தான்தான் எதையோ தப்பாகச் செய்கிறோம் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"போன்ல நல்லா வருதே. இதுல மட்டும் இன்னாடி பேஜாரு?" என்றாள் அம்மா முத்தம்மா.

"படம் இதுலதாம்மா கீது. சும்மா இரு."

"ஒரு வருசமா சாயந்திரம் கம்ப்யூட்டர்ல படம் வரையற கிளாஸு போய் இதத்தான் கத்துக்கினியா?"

மணி நாலு ஐம்பது. முத்தம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையின் மூலையைப் பார்த்தாள்.

"ஏண்டி, மார்ச்சு மாசம்னு காட்டிக்கினு கீது? ஆகஸ்ட்டு பொறந்து பத்து நாளாச்சே."

கிறிஸ்டினா மௌஸைத் தேதிக்கு நகர்த்தினாள். தேதியைப் பின்னால் தள்ளி வைத்ததே அவள்தான். படம் வரையும் மென்பொருள் முப்பது நாள்தான் இலவசம். வாங்க வழியில்லாமல், ஒவ்வொரு முறையும் கெடு முடிவதற்கு முன்பே கம்ப்யூட்டரின் தேதியை மார்ச் ஒன்றுக்குக் கொண்டுபோவாள்.

தேதி தப்பாக இருந்ததால்தான் தளம் பாதுகாப்பில்லை என்று மறுத்திருக்கிறது; சரிசெய்தாள். தளம் உடனே திறந்து, வரைபடத்தின் பிடிஎஃப் பிரதியைக் கேட்டது. பிரதி எடுக்க மென்பொருளைத் திறந்தாள். இலவசக் காலம் முடிந்தது என்றது. அவசரமாகத் தேதியை மறுபடி பின்னால் தள்ளினாள்.

ஆகஸ்ட்டை ஒரு முறை பார்த்துவிட்ட மென்பொருள், இனி மார்ச்சை நம்புவதாக இல்லை.